ஏன் அவருக்கு மட்டும்?

ஒரே வீட்டில் நான்கு பேருக்குக் கொரோனா வந்து, மூன்று பேர் எழுந்து நடமாட, நான்காமவர் மட்டும் மூச்சுத் திணறி இறந்துபோன குடும்பங்கள் 2020, 2021 ஆண்டுகளில் ஊருக்கு ஊர் இருந்தன. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கேட்ட கேள்வி எங்கும் ஒன்றுதான்: ஏன் அவருக்கு மட்டும்? அதற்கு அவர்களே சொல்லிக்கொண்ட பதிலும் பழகிய பதில்தான். விதி முடிந்துவிட்டது என்றார்கள். சிலர் குரலைத் தாழ்த்தி, என்ன பாவம் செய்தாரோ என்றும் சொன்னார்கள். இந்தக் கேள்வி மதிப்புக்குரியது. மனிதர்கள் சமயத்தை நாடிப் போவதற்கு இதைவிட வலுவான தூண்டுதல்கள் குறைவு. ஆனால் இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அவர் உடலில் எது நடந்ததால் இறந்தார் என்பது ஒன்று. அந்த முடிவுக்கு அவர் உரியவரா என்பது மற்றொன்று. முதலாவது காரணத்தைத் தேடுகிறது, இரண்டாவது நியாயத்தைத் தேடுகிறது. நம்மிடையே பேச்சுவழக்கில் புழங்கும் வினைக்கோட்பாடு இரண்டையும் ஒரே வீச்சில் முடித்துவைக்கிறது: அவர் செய்த வினைதான் காரணம், ஆகவே வந்தது நியாயம். இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தைப் பற்றி 1957 முதல் திரண்டுவந்திருக்கும் அறிவு இந்தப் பின்னலைப் பிரித்துவிடுகிறது என்பது என் வாதம். வினை என்று ஒன்று இல்லை என அது நிறுவவில்லை. எந்த ஆய்வுக்கூடத்தாலும் அதை நிறுவ முடியாது. ஒருவருடைய நோயைப் பார்த்து அவருடைய வினைக்கணக்கைப் படிக்க முடியாது என்பதையே அது காட்டுகிறது. நாம் நோயாளிகளைப் பற்றிப் பேசும் முறையை மாற்றிக்கொள்ள அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

லண்டனில் மில் ஹில் பகுதியில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அலிக் ஐசக்ஸும் ழான் லின்டன்மானும் செய்த சோதனை எளிமையானது. வெப்பத்தால் செயலிழக்க வைத்த இன்ஃப்ளுயன்சா வைரஸைக் கோழிக்கருவின் சவ்வுத் துண்டுகளோடு சேர்த்து ஊறவைத்தார்கள். பிறகு அந்தத் திரவத்தைப் புதிய சவ்வுத் துண்டுகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றில் உயிருள்ள வைரஸ் பெருக முடியாமல் தடுமாறியது. வைரஸை எதிர்கொண்ட செல்கள் எதையோ வெளியிட்டிருக்கின்றன. அது இன்னும் நோய் தொடாத செல்களைத் தயார்ப்படுத்தியிருக்கிறது. ஜப்பானில் நாகானோவும் கோஜிமாவும் 1954இலேயே இதை ஒத்த ஒரு காரணியைக் கண்டிருந்தார்கள். இந்தப் பொருள் வைரஸைத் தொடுவதே இல்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. தொற்றுக்கு ஆளான செல் தனக்குள் வைரஸின் ஆர்.என்.ஏ. நுழைந்திருப்பதை உணர்ந்ததும் இன்டர்ஃபெரானை வெளியே விடுகிறது. அது பக்கத்துச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் போய் அமர்கிறது. அந்த ஏற்பி இரண்டு புரதங்களால் ஆனது. இன்டர்ஃபெரான் அமர்ந்ததும் இரண்டும் நெருங்கி ஒன்றுசேர்கின்றன. அவற்றின் உள்முனைகளில் ஒட்டியிருக்கும் ஜேக்1, டைக்2 என்ற நொதிகள் அப்போது விழித்துக்கொள்கின்றன. அவை ஸ்டாட்1, ஸ்டாட்2 என்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. ஏற்றப்பட்ட இரண்டும் மூன்றாவது புரதம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு உட்கருவுக்குள் போய், நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கிவிடுகின்றன. அவற்றிலிருந்து பிறக்கும் புரதங்களுள் ஒன்று, வைரஸ் வந்தால் செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும். வேறொன்று ஆர்.என்.ஏ.க்களை வெட்டிப்போடும், வைரஸினுடையது, தன்னுடையது என்று பெரிதாக வேறுபாடு பார்க்காமல் வெட்டும். அதாவது, தன் வாழ்வைச் சுருக்கிக்கொண்டாவது வைரஸுக்கு இடம் தராத நிலைக்கு அந்தச் செல் வந்துவிடுகிறது. ஜேம்ஸ் டார்னெல், இயன் கெர், ஜார்ஜ் ஸ்டார்க் ஆகியோரின் ஆய்வுக்கூடங்கள் 1990களின் தொடக்கத்தில் இந்தத் தொடரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. இன்டர்ஃபெரான் கொடுத்தும் பதில் சொல்லாத செல்களை ஆய்வகத்தில் உருவாக்கி, எந்த மரபணு பழுதானதால் அவை கேட்காமல் போயின என்று தேடியது அவர்கள் கையாண்ட வழிகளில் ஒன்று. தொடரில் ஒரே ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தி உட்கருவைச் சேராது. ஆய்வகத் தட்டில் வேண்டுமென்றே செய்யப்பட்டது இது. இதே அறுபாடு மனிதர்களுக்குள் யாரும் செய்யாமலே நிகழ்ந்திருக்கிறது என்பதைப் பெருந்தொற்று காட்டியது.

2020 செப்டம்பர் மாதம் ழான்-லோரான் கஸனோவாவின் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இது. உயிருக்கு ஆபத்தான கொரோனா நிமோனியாவுக்கு ஆளான 987 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 101 பேரிடம் மேலே விவரித்த வேலையைச் செய்யும் முதல் வகை இன்டர்ஃபெரான்களையே பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. தொற்று வந்தும் அறிகுறி இல்லாமலோ லேசான அறிகுறியோடோ தப்பிய 663 பேரில் ஒருவரிடமும் அவை இல்லை. நலமாக இருந்த 1,227 பேரில் நான்கு பேரிடம் இருந்தன. எச்சரிக்கைச் செய்தி புறப்பட்டது. ஏற்பியும் பழுதில்லாமல் காத்திருந்தது. ஆனால் வழியிலேயே நோயாளியின் சொந்த எதிர்ப்பொருள் அந்தச் செய்தியை மறித்துவிட்டது. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். அடுத்த ஆண்டு வந்த இன்னும் பெரிய ஆய்வு, இத்தகைய எதிர்ப்பொருள்கள் எழுபது வயதுக்கு மேல் வெகுவாகக் கூடுவதையும், கொரோனாவால் இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் அவை இருந்ததையும் காட்டியது. பெரும்பாலோரிடம் அவை அதுவரை எந்தத் தொல்லையும் தரவில்லை. எனவே, நான்கு பேரில் ஒருவர் ஏன் இறந்தார் என்ற கேள்விக்கு, எல்லோருக்கும் இல்லாவிட்டாலும் கணிசமானோருக்கு, இப்போது பதில் இருக்கிறது. அந்தப் பதிலில் அவருடைய குணம் வரவில்லை. அவர் யாருக்கு நல்லது செய்தார், யாரை ஏமாற்றினார் என்பது வரவில்லை. வயது வருகிறது, பால் வருகிறது, நோய் எதிர்ப்பு மண்டலம் தன்னையே எதிரியாகக் கருதிய ஒரு தவறு வருகிறது. வயதாவதற்கும் ஆணாகப் பிறப்பதற்கும் தண்டனை என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இதைவிடக் கூர்மையான சான்று குழந்தைகளிடம் இருக்கிறது. ஏற்பியின் இரு புரதங்களில் ஒன்றை முற்றிலும் இழக்கவைக்கும் மரபணு மாற்றம் மேற்குப் பாலினீசியத் தீவுகளின் மக்களிடம் உலகின் பிற பகுதிகளைவிட அதிகமாக இருப்பது 2022இல் வெளியானது. மற்றொரு புரதத்தை இழக்கவைக்கும் மாற்றம் ஆர்க்டிக் பகுதியின் இனுவிட் மக்களிடம் இருப்பதும் அதே ஆண்டில் தெரியவந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்ற குழந்தைகளில் சிலர், மற்ற எல்லாக் குழந்தைகளையும் காக்கும் தட்டம்மைத் தடுப்பூசியில் இருக்கும் வலுக்குறைந்த வைரஸாலேயே உயிருக்குப் போராடினார்கள். இங்கே வினைக்கணக்கு என்ன சொல்லும்? இப்பிறவியில் அந்தக் குழந்தை எதுவும் செய்யவில்லை. முற்பிறவி என்றுதான் சொல்லவேண்டும். சொல்லலாம். ஆனால் அந்த மாற்றம் ஒரு குறிப்பிட்ட தீவுக்கூட்டத்தில் ஏன் செறிந்திருக்கிறது? கடல் கடந்து சிறு எண்ணிக்கையில் போய்க் குடியேறியவர்களில் ஒருவரிடம் இருந்த மாற்றம் அவர் வழிவந்தோரிடம் பெருகுவது தீவு மக்களிடையே இயல்பு. தோணிகளில் யார் ஏறினார்கள் என்பதே இதைத் தீர்மானித்திருக்கக்கூடும். இதை நியாயத் தீர்ப்பாகப் படிப்பவர், குற்றம் செய்த ஆன்மாக்கள் அந்தத் தீவுகளில் ஒன்றான சமோவாவைத் தேர்ந்து பிறக்கின்றன என்றும் சொல்லியாக வேண்டும். ஒரு மக்களின் புவியியலைப் பாவமாக மாற்றும் அந்தப் படிப்பு பிழையானது மட்டுமல்ல, கொடுமையானதும்கூட.

சைவ சித்தாந்தம் பயின்றவர் இங்கே ஒரு வலுவான மறுப்பை எழுப்புவார். காரணம் மூன்று வகை என்று சித்தாந்தம் சொல்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். ஏற்பி, நொதி, எதிர்ப்பொருள் என்று நீங்கள் சொல்வதெல்லாம் சக்கரத்தைப் பற்றிய விவரங்கள். சக்கரம் சுழல்வதை எவ்வளவு நுட்பமாக விளக்கினாலும் குயவன் இல்லை என்றாகிவிடாது. பிராரப்த வினை, அதாவது இப்பிறவியில் அனுபவிக்க வந்த வினை, இந்தக் கருவிகளின் வழியாகவே உடலை வந்து சேர்கிறது என்பார் அவர். இந்த மறுப்பை நான் பெரிதும் மதிக்கிறேன், அதன் மையத்தை ஒப்புக்கொள்ளவும் செய்கிறேன். துணைக்காரணத்தை முழுதாக விளக்கிவிட்டதால் நிமித்தகாரணம் பொய்யாகாது. ஆனால் இந்தத் தற்காப்புக்கு ஒரு விலை உண்டு. எந்தக் கருவியின் வழியாகவும், எந்த வடிவிலும், எந்தப் பிறவியின் கணக்கிலிருந்தும் வினை வரலாம் என்றால், எதிரே கிடக்கும் நோயிலிருந்து அந்த வினையைச் செய்தவர் எப்படிப்பட்டவர் என்று பின்னோக்கிக் கணக்கிட வழியே இல்லை. இன்டர்ஃபெரான் தடைப்பட்டு இறந்தவரும், தடைப்படாமல் பிழைத்தவரும் கோட்பாட்டுக்குச் சமமாகப் பொருந்துகிறார்கள். எதற்கும் பொருந்தும் விளக்கம் எவரைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல உதவாது. சித்தாந்தத்தின் நேர்மையான வாசிப்பும் இதோடு முரண்படாது. அங்கே துன்பம் பழிவாங்கல் அல்ல, உயிர் பக்குவப்படுவதற்கு இறைவன் தரும் அருள்வழி. அருளாக வந்ததைக் காட்டி ஒருவரைப் பாவி என்று அழைப்பது அந்தத் தத்துவத்துக்கே பொருந்தாது.

சமய மரபுகளுக்குள்ளேயே இந்த எச்சரிக்கை பழைய காலத்திலிருந்து இருக்கிறது. பௌத்தத்தின் சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற துறவி புத்தரிடம் வருகிறார். மனிதர் அனுபவிக்கும் எல்லா இன்பதுன்பமும் முன்வினைப் பயனே என்று சிலர் சொல்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். புத்தர் பித்தம், கபம், வாதம், மூன்றும் கூடிய கோளாறு, பருவ மாற்றம், கவனக்குறைவான நடத்தை, பிறர் தாக்குதல் என்று ஏழு காரணங்களைச் சொல்லி, எட்டாவதாகவே வினையின் விளைவை வைக்கிறார். எல்லாவற்றையும் வினையின்மேல் ஏற்றுபவர்கள் தாம் அறிந்ததையும், உலகம் அறிந்ததையும் தாண்டிப் பேசுகிறார்கள் என்கிறார். வினையை ஏற்ற ஒருவரே இதைச் சொல்லியிருக்கிறார் என்பதுதான் இங்கே முக்கியம். அவருடைய காலத்து மருத்துவத்தில் பித்தமும் கபமும் இருந்தன. நம் காலத்தில் ஸ்டாட்1 இருக்கிறது. விவிலியத்தின் யோபு நூலில், நீ பாவம் செய்ததால்தான் இந்தப் புண்கள் வந்தன என்று வாதாடிய நண்பர்களைக் கடவுளே கடிந்துகொள்கிறார். நாம் புதிதாக எதையும் சமயத்தின்மீது திணிக்கவில்லை; அதன் நல்ல மனங்கள் உணர்ந்ததற்கு உடலின் சான்று இப்போது கிடைத்திருக்கிறது.

வேறொரு பக்கத்திலிருந்தும் மறுப்பு வரும். அது சமயத்தை நம்பாதவரின் மறுப்பு: நீங்கள் விதியை ஒழிக்கவில்லை, பெயரை மாற்றியிருக்கிறீர்கள், தலையெழுத்து என்பதை மரபணு என்று எழுதிவிட்டீர்கள், இரண்டும் பிறக்கும்போதே எழுதப்பட்டவை, இரண்டையும் மாற்ற முடியாது. இது பார்வைக்கு ஒத்திருக்கிறதே தவிர, ஒன்றல்ல. விதி நடந்த பிறகே தெரியவருவது. நடந்ததெல்லாம் விதி என்று பின்னால் பெயரிடுகிறோம். ஏற்பியின் குறை நடப்பதற்கு முன்பே அறியக்கூடியது. தன் இன்டர்ஃபெரானை முடக்கும் எதிர்ப்பொருள் ஒருவரிடம் இருப்பது இரத்தச் சோதனையில் தெரிந்தால், தடுப்பூசியில் அவருக்கு முன்னுரிமை தரலாம், தொற்றின் முதல் நாட்களிலேயே சிகிச்சையைத் தொடங்கலாம். ஏற்பியே இல்லாத குழந்தைக்கு உயிருள்ள வைரஸ் தடுப்பூசிகளைத் தவிர்க்கலாம். ஹெல்சிங்கியில் காரி கான்டெல் தானமாக வந்த இரத்தத்தின் வெள்ளணுக்களிலிருந்து சிறுகச் சிறுகப் பிரித்தெடுத்த இன்டர்ஃபெரான், 1980இல் பாக்டீரியாவில் மரபணுவை ஏற்றித் தயாரிக்கும் பொருளாயிற்று. 1986இல் அமெரிக்காவில் ஓர் அரிய வகை இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக ஒப்புதல் பெற்றது. பின்னர் ஹெபடைடிஸ் பி, சி நோயாளிகளுக்குப் பல ஆண்டுகள் இதுவே முக்கிய மருந்தாக இருந்தது. அறிவு எப்போதும் வென்றது என்று சொல்லமாட்டேன். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய சோதனையில், மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான் பீட்டா கொடுத்ததில் பயன் காணவில்லை. செய்தி தொடக்கத்திலேயே போய்ச் சேர வேண்டியது. நுரையீரல் வெந்த பிறகு போய்ச் சேர்ந்து பயனில்லை. ஆனால் தோற்ற முயற்சிகூட அடுத்த முயற்சிக்கு வழி சொல்கிறது. தலையெழுத்து என்று சொல்லி முடித்துவிட்டால் அந்த அடுத்தது இல்லை. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறள் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருப்பதை முரண்பாடு என்று கருதி உரையாசிரியர்கள் சமாதானம் தேடவேண்டியதில்லை. முன்னே அறிய முடியாததும் முன்னே அறிய முடிந்ததும் வேறு வேறு.

புற்றுநோய்க்கு வரும்போது வாதம் சற்றுக் கடினமாகிறது, ஏனென்றால் அங்கே நடத்தையும் சேர்கிறது. இன்டர்ஃபெரான் காமா என்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் வெளியிடும் வேறொரு வகை. அதற்குத் தனி ஏற்பி உண்டு. உள்ளே ஜேக்1, ஜேக்2 இரண்டும் ஸ்டாட்1ஐ இயக்குகின்றன. அந்தச் செய்தி கிடைத்த செல் தன்னுள் உருவாகும் புரதங்களின் துணுக்குகளை மேற்பரப்பில் இன்னும் அதிகமாக எடுத்துக் காட்டுகிறது. புற்றாகத் திரிந்த செல்லை டி செல்கள் அடையாளம் காண்பது பெரும்பாலும் அப்படித்தான். இந்த ஏற்பியை நீக்கிய எலிகளுக்குப் புற்றுக்கட்டிகள் அதிகம் வருகின்றன என்று ராபர்ட் ஷ்ரைபரின் குழு 1998இல் காட்டியது. 2016இல் அன்டோனி ரிபாஸின் குழு, மெலனோமாவுக்கான புதிய நோயெதிர்ப்பு மருந்தால் நன்கு தேறி, பிறகு நோய் திரும்பிய நான்கு பேரின் கட்டிகளை ஆராய்ந்தது. ஒருவரின் கட்டியில் ஜேக்1, இன்னொருவரின் கட்டியில் ஜேக்2 செயலிழந்திருந்தது. செய்தி வந்து சேர்ந்தும் கேட்க முடியாத செல்கள் மட்டும் தப்பிப் பெருகியிருக்கின்றன. இங்கே நடந்தது பெற்றோர் வழி வந்ததுகூட அல்ல. கோடிக்கணக்கான செல்கள் பிரியும்போது ஒன்றில் ஒரு பிரதிப் பிழை நேர்ந்தது. அந்த நோயாளி தைரியமாக இருந்தாரா, பிரார்த்தனை செய்தாரா, மருந்தைத் தவறாமல் எடுத்தாரா என்பவை அந்தப் பிழையைத் தீர்மானிக்கவில்லை. சரி, புகைபிடித்தவருக்கு நுரையீரல் புற்று வந்தால்? அங்கே அவர் செய்த செயலே காரணமல்லவா? காரணம்தான், அதை மறைக்கக் கூடாது. புகையிலையை ஒழிக்க வேண்டும் என்று உரக்கச் சொல்லவும் வேண்டும். ஆனால் காரணமாக இருப்பது வேறு, அந்த அளவு துன்பத்துக்கு உரியவராக இருப்பது வேறு. அவரைவிட அதிகம் புகைத்தவர் எண்பது வயது வரை வாழ்வதும், புகையே தொடாதவருக்கு அதே நோய் வருவதும் நடக்கின்றன. செயலுக்கும் விளைவுக்கும் இடையே செல்களின் தற்செயல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அந்த இடைவெளியை நியாயம் என்ற சொல்லால் நிரப்ப முடியாது.

நோயாளியின் மனத்தைப் பற்றி நாம் சொல்வதையும் இந்தப் புரதம் திருத்துகிறது. வைரஸ் காய்ச்சலில் வரும் உடல்வலி, குளிர், சோர்வு ஆகியவற்றில் பெரும்பகுதி வைரஸ் செய்வதல்ல. வைரஸே இல்லாதவருக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டாலும் அவை வரும். ஹெபடைடிஸ் சி நோய்க்காக மாதக்கணக்கில் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா எடுத்தவர்களில் கணிசமானோர் கடும் மனச்சோர்வில் வீழ்ந்தார்கள். சிலருக்குத் தற்கொலை எண்ணம்வரை போனதால் மருந்தோடு எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. அதற்கு முன் மனநோய் எதுவும் இல்லாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். நோயில் கிடப்பவரிடம் மனத்தைத் தளரவிடாதே, நம்பிக்கை இருந்தால் எழுந்துவிடலாம் என்கிறோம். அவர் எழாவிட்டால் அவருடைய மனவுறுதியைச் சந்தேகிக்கிறோம். பாவம் செய்தாய் என்று சொல்வதன் நாகரிகமான வடிவம்தான் இது. அவர் படுத்துக் கிடப்பதே அவருடைய உடல் போராடுவதன் பகுதியாக இருக்கலாம்.

இன்டர்ஃபெரானின் செய்தி குறைவது மட்டுமல்ல, மிகுவதும் ஆபத்து. உடல் தன்னையே தாக்கும் லூபஸ் நோயில், பலரிடம் இதே செய்தித்தொடர் வைரஸ் இல்லாமலே ஓயாமல் ஓடி, தோலையும் மூட்டையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. ஐகார்டி-குட்டியேர் என்ற அரிய நோயில், கருவிலேயே வைரஸ் தாக்கியதுபோன்ற மூளைச் சேதம் குழந்தைகளிடம் காணப்படுகிறது. தேடினால் வைரஸ் எதுவும் இருப்பதில்லை. இன்டர்ஃபெரானின் ஏற்பியை அடைத்துவிடும் அனிஃப்ரோலுமாப் என்ற மருந்து லூபஸுக்காக 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பாலினீசியக் குழந்தைக்கு எந்தப் புரதம் இல்லாதது ஆபத்தோ, அதே புரதத்தை அடைப்பது லூபஸ் நோயாளிக்கு மருந்து. இப்படி இரு பக்கமும் கூர்மையான ஓர் ஏற்பாட்டின்மேல் உயிர்களை ஏன் நிறுத்திவைக்க வேண்டும் என்ற கேள்வியை உயிரியல் தீர்க்கவில்லை, தீர்க்கவும் முடியாது. இறைவனை நம்புகிறவர் அந்தக் கேள்வியை இறைவனிடமே கொண்டுபோகலாம். நம்பாதவர் பதிலில்லாமல் வாழப் பழகலாம். தமிழ்நாட்டில் அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை செருகி, படுத்திருப்பவரை அம்மன் வந்திருக்கும் உடலாக மதித்து, அவர் கேட்டதைக் குளிர்ச்சியாகக் கொடுத்துக் காத்த வழக்கம், தெய்வக் குற்றம் என்ற பேச்சோடு கலந்தே வந்தது. அந்த இரண்டில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு சமயத்தை நேசிப்பவர்களுடையது. அதற்கு வேண்டிய சான்று இப்போது அவர்கள் கையில் இருக்கிறது.